மூலம் இல்லாத பெயர்ப்பு: குற்றவியல் மேல்முறையீடும் வட்டவடைத் தமிழும்

முன்னுரை

மொழிபெயர்ப்பைத் திறனாய்பவர் மூலத்தை ஒரு கையிலும் பெயர்ப்பை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஒப்பிடுவார். மூலம் கிடைக்காத பெயர்ப்பை ‘நன்று’ என்றோ ‘பிழை’ என்றோ கூற அவருக்கு வழியில்லை. நீதிமன்றத்தில் சாட்சியின் பேச்சு வேற்று மொழியில் பெயர்த்துப் பதிவு செய்யப்படும்போது பெரும்பாலும் இந்த நிலையே ஏற்படுகின்றது. பேச்சு காற்றோடு போகின்றது. பெயர்ப்பு மட்டும் ஆவணமாகின்றது. பின்னர் மேல்முறையீட்டில் ‘பெயர்ப்புப் பிழையால் தண்டிக்கப்பட்டேன்’ என ஒருவர் முறையிட்டால், பிழையை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவர்மீதே விழுகின்றது. மெய்ப்பிப்பதற்கு வேண்டிய மூலமோ எவரிடமும் இல்லை.

பேச்சைப் பேச்சாகப் பெயர்ப்பதை ‘உரைபெயர்ப்பு’ என்றும், எழுத்தை எழுத்தாகப் பெயர்ப்பதை ‘மொழிபெயர்ப்பு’ என்றும் இக்கட்டுரை வேறுபடுத்திக் கொள்கின்றது. உரைபெயர்ப்பின் துல்லியம் குறித்து மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் கொண்டுள்ள கருத்து, மொழியியல் நோக்கில் எவ்வளவு பொருந்தும் என்பது இங்கு ஆராயப்படுகின்றது. ஆய்வுக்குரிய மொழிச்சூழலாகக் கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தின் தமிழ் பேசும் மலையூராகிய வட்டவடை கொள்ளப்படுகின்றது. தமிழும் மலையாளமும் நெருங்கிய உறவு மொழிகள். அந்த நெருக்கமே அங்கு இடராக அமைகின்றது என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. சட்டம் கூறுவன

1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் மொழி தொடர்பான விதிகள் 272 முதல் 283 வரையுள்ள பிரிவுகளில் அமைந்திருந்தன. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இவை 307 முதல் 318 வரையுள்ள பிரிவுகளாக இடம்பெற்றுள்ளன. பொருளில் பெரிய மாற்றம் இல்லை.

இவற்றுள் மூன்று இங்கு முதன்மையானவை. முதலாவது, சாட்சியம் பதிவு செய்யப்படும் மொழி பற்றியது (பழைய 277, புதிய 312). சாட்சி நீதிமன்ற மொழியல்லாத மொழியில் பேசினால், இயலுமாயின் அம்மொழியிலேயே எழுதிக்கொள்ளலாம். இயலாவிடின் நீதிமன்ற மொழியில் உண்மையான மொழிபெயர்ப்பு ஒன்று உடனுக்குடன் ஆயத்தம் செய்யப்பட வேண்டும். இரண்டாவது, குற்றஞ்சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால் அதைத் திறந்த நீதிமன்றத்தில் அவருக்குப் புரியும் மொழியில் பெயர்த்துரைக்க வேண்டும் என்பது (பழைய 279, புதிய 314). மூன்றாவது, உரைபெயர்ப்பாளர் உண்மையான பெயர்ப்பையே கூறக் கடமைப்பட்டவர் என்பது (பழைய 282, புதிய 317).

1969-ஆம் ஆண்டின் உறுதிமொழிச் சட்டம் உரைபெயர்ப்பாளருக்கென வகுத்துள்ள வாசகமும் நோக்கத்தக்கது. கேள்விகளையும் சாட்சியங்களையும் ‘நன்றாகவும் உண்மையாகவும்’ பெயர்த்துரைப்பதாகவும், ஆவணங்களைச் ‘சரியாகவும் துல்லியமாகவும்’ மொழிபெயர்ப்பதாகவும் அவர் உறுதி கூறுகின்றார். ‘துல்லியம்’ என்னும் சொல் எழுத்துக்கே வைக்கப்பட்டுள்ளது. பேச்சுக்கு ‘உண்மை’ போதும் என விடப்பட்டுள்ளது. பேச்சைத் துல்லியத்தால் அளக்க முடியாது என்ற எண்ணம் இவ்வேறுபாட்டின் பின்னே இருக்கலாம். ஆயினும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் சான்று பெரும்பாலும் பேச்சாகவே உள்ளது என்பதை மறத்தல் இயலாது.

2. மேல்முறையீட்டுத் தீர்ப்புகள்: இரு நெறிகள்

உரைபெயர்ப்புக் குறையை முன்வைத்த மேல்முறையீடுகளில் இரண்டு நெறிகள் காணப்படுகின்றன. ஒன்று, குறை நேர்ந்ததைக் காட்டினால் மட்டும் போதாது, அதனால் விளைந்த பாதிப்பையும் காட்ட வேண்டும் என்பது. மற்றொன்று, புரியாத விசாரணை என்பதே பாதிப்பு என்பது.

முதல் நெறிக்கு இந்திய எடுத்துக்காட்டு, 1967-ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியான சிவநாராயண் காப்ரா எதிர் சென்னை அரசு என்னும் வழக்காகும். முன்பேர ஒப்பந்தச் சட்டத்தின்கீழ்த் தண்டிக்கப்பட்ட மேல்முறையீட்டாளர், தமக்குத் தெரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டதென்றும் அது தமக்குப் பெயர்த்துரைக்கப்படவில்லை என்றும் வாதிட்டார். உச்ச நீதிமன்றம் இதை நடைமுறைப் பிழையாக மட்டுமே கருதியது. அவருக்கு வழக்கறிஞர் துணை இருந்தமையாலும், பாதிப்பு காட்டப்படாமையாலும் விசாரணை கெட்டுவிடவில்லை எனத் தீர்ப்பளித்தது. பின்னர் வந்த 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 465-ஆம் பிரிவும் (புதிய 511) இதே போக்கினதே. பிழையால் நீதி தவறியதா என்று பார்க்கும்போது, ஆட்சேபத்தை முன்னரே எழுப்பியிருக்க முடியுமா, எழுப்பியிருக்க வேண்டுமா என்பதையும் கருத வேண்டும் என அப்பிரிவு கூறுகின்றது.

இரண்டாம் நெறிக்குக் கேரளத்தோடு தொடர்புடைய ஓர் அயல்நாட்டு வழக்கே சிறந்த சான்று. கேரளத்து உழவர் ஒருவர் ஹெராயின் கொண்டுவந்ததாக மொரீசியசுத் தீவில் விசாரிக்கப்பட்டார். அவருடைய மொழி மலையாளம். உரைபெயர்ப்பாளர் நீதிமன்றத்தில் இருந்தார். ஆனால் அரசுத் தரப்புச் சாட்சிகள் கூறியவை அவருக்குப் பெயர்த்துரைக்கப்படவில்லை. அவருக்கும் வழக்கறிஞர் இருந்தார். எனினும் குன்னத் எதிர் அரசு என்னும் அவ்வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் 1993-இல் தண்டனையை நீக்கியது. தம்மீதான விசாரணையைப் புரிந்துகொள்ளாத ஒருவர் நேர்மையான விசாரணையைப் பெற்றவராகார் என்பது அதன் அடிப்படை. குற்றவாளிக் கூண்டில் உடல் இருந்தால் மட்டும் போதாது. நடப்பது விளங்க வேண்டும்.

அடுத்த ஆண்டில் கனடா உச்ச நீதிமன்றம் டிரான் வழக்கில் இந்நெறியை மேலும் வரையறுத்தது. உரைபெயர்ப்புக்கு இடையறாமை, துல்லியம், நடுநிலை, தகுதி, உடனிகழ்வு என ஐந்து அளவைகளை அது வகுத்தது. குறைபாடற்ற பெயர்ப்பை அது எதிர்பார்க்கவில்லை. ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவரின் இன்றியமையா நலன் சார்ந்த கட்டத்தில் இவ்வளவைகளிலிருந்து பெயர்ப்பு வழுவியது என்று காட்டினால், தனியே பாதிப்பை மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்றது.

இந்தியாவில் 2023 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த நயீம் அகமது எதிர் டெல்லி அரசு தீர்ப்பு இவ்விரு நெறிகளுக்கும் நடுவே நிற்கின்றது. தண்டனை அங்கு நீக்கப்பட்டது வழக்கின் பொருண்மை கருதியே. மொழிக் காரணத்தால் அன்று. ஆனால், முறையிட்ட பெண்மணி தம் மொழியில் கூறிய சாட்சியம் ஆங்கிலத்தில் மட்டும் பதிவாகியிருந்ததை நீதிபதிகள் அஜய் ரஸ்தோகி, பேலா திரிவேதி ஆகியோர் குறித்தனர். சாட்சியின் சொல்லும் தொனியும் அவருடைய மொழியில் பதிவானால்தான் நன்கு மதிப்பிடப்படும் என்றும், சாட்சி கூறியது என்ன என்ற வினா எழுந்தால் மூல வாக்குமூலமே கொள்ளத்தக்கது, நீதிபதி ஆயத்தம் செய்த ஆங்கிலக் குறிப்பு அன்று என்றும் தெளிவுபடுத்தினர். மூலத்தின் முதன்மையை ஏற்றுக்கொண்ட கூற்று என்ற அளவில் மொழிபெயர்ப்பியலார்க்கு இது குறிப்பிடத்தக்க தீர்ப்பாகும்.

3. அண்மை மொழியின் இடர்: வட்டவடை

மேற்கண்ட வழக்குகளில் சில, ஒருவருக்கு மொழி ‘தெரியவே தெரியாது’ என்ற நிலையைச் சார்ந்தவை. வட்டவடையில் நிலை வேறு. தேவிகுளம் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய இம்மலையூரில் தமிழே வீட்டு மொழி. தேவிகுளமும் பீர்மேடும் 1956-இல் மொழிவழி மாநில அமைப்பின்போது கேரளத்தில் நிலைத்தன. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் தொடர்பு கொள்ள இடமளிக்கின்றது. ஆயினும் அம்மாநிலத்தில் கீழமை நீதிமன்றங்களின் மொழிகள் மலையாளமும் ஆங்கிலமுமே.

சட்டம் ‘புரிந்த மொழி’, ‘புரியாத மொழி’ என இரண்டே வகை காண்கின்றது. கடைத்தெருவில் பேரம் பேசவும் பேருந்தில் வழி கேட்கவும் போதுமான மலையாளம் வட்டவடையார் பலருக்கு உண்டு. எனவே ‘மலையாளம் அறியுமோ?’ என்ற வினாவுக்கு ‘ஆம்’ என்ற விடையே வரும். உரைபெயர்ப்பின் தேவை அங்கேயே முடிந்துவிடுகின்றது. ஆனால் நீதிமன்ற மலையாளம் கடைத்தெரு மலையாளம் அன்று.

3.1 சொற்பொருள்

ஒலியால் ஒத்தும் பொருளால் வேறுபட்டும் நிற்கும் சொற்கள் உறவு மொழிகளில் மிகுதி. நீதிமன்றச் சூழலிலேயே ஒரு தொகுதியைக் காணலாம். மலையாள நீதிமன்றத்தில் ‘பிரதி’ என்பவர் குற்றஞ்சாட்டப்பட்டவர். தமிழருக்குப் ‘பிரதி’ என்பது நகல். அங்கு ‘மொழி’ என்பது வாக்குமூலம். இங்கு அது பாஷை. ‘சம்சாரம்’ அங்குப் பேச்சு; தமிழ்ப் பேச்சு வழக்கில் மனைவி. ‘அவசரம்’ அங்கு வாய்ப்பு, இங்கு விரைவு. ‘வெள்ளம்’ அங்குத் தண்ணீர்; இங்குப் பெருக்கு. ‘பட்டி’ அங்கு நாய். இங்குச் சிற்றூர் அல்லது தொழுவம். முதுவர் குடியிருப்புகள் ‘குடி’ என்றே வழங்குகின்றன. ‘குடியில் இருந்தான்’ என்னும் தொடர் இருப்பிடத்தைக் குறிப்பதா, மதுவைக் குறிப்பதா என்பது கேட்பவரின் செவியைப் பொறுத்தது.

இவற்றினும் நுட்பமானது ‘காடு’. தேனி, திண்டுக்கல், கொங்கு வட்டார வழக்குகளில் ‘காடு’ என்பது மானாவாரி நிலத்தையும் குறிக்கும். ‘காட்டுக்குப் போனார்’ என்றால் வயல் வேலைக்குப் போனார் என்று பொருள். மலையாளத்தில் ‘காடு’ வனமே. வட்டவடை, கொட்டகாம்பூர் ஊர்களைச் சார்ந்த நிலத்தில் 2006-இல் குறிஞ்சிமலைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. எது பட்டா நிலம், எது வன நிலம் என்ற பூசல் அங்கு நெடுங்காலமாக இருந்துவருகின்றது. இத்தகைய இடத்தில், ‘எங்க காட்டுல நின்ன மரத்தைத்தான் வெட்டினேன்’ என ஓர் உழவர் கூறுவதாகக் கொள்வோர் இதன் விளைவை எளிதில் உணர்வர். தம் நிலத்து மரம் என்ற எதிர்வாதம், பெயர்ப்பில் வனத்து மரம் என்ற ஒப்புதலாக மாறிவிடும். சொல் மாறவில்லை, அதனால் ‘பெயர்ப்பு’ நிகழ்ந்ததாகவே எவரும் எண்ணார்.

3.2 எண்ணும் இடமும்

தமிழ் வினைமுற்று திணை, பால், எண், இடம் காட்டும். மலையாள வினைமுற்று இவற்றைக் காட்டாது. ‘வெட்டினேன், வெட்டினோம், வெட்டினான், வெட்டினார்கள்’ ஆகிய நான்கும் மலையாளத்தில் ‘வெட்டி’ என ஒன்றாகும். தமிழ்ச் சாட்சி எழுவாயை விட்டுப் பேசுவது இயல்பு. விகுதி அதைக் காட்டிவிடும். பெயர்ப்பில் எழுவாயை உரைபெயர்ப்பாளரே சேர்க்க வேண்டியவராகின்றார்.

அவர் சேர்க்கும் சொல்லிலும் இடர் உண்டு. தமிழில் ‘அவர்’ மதிப்பு ஒருமை. மலையாளத்தில் ‘அவர்’ பன்மை. ‘அவர் வெட்டினார்’ என்ற தமிழ் ஒருமை, மலையாளச் செவியில் பலர் வெட்டியதாகக் கேட்கக்கூடும். மறுதலையாக, ‘வெட்டினாங்க’ என்னும் பேச்சு வடிவம் பன்மையையும் குறிக்கும், மதிப்பு ஒருமையையும் குறிக்கும். சூழலே பொருளை உறுதி செய்யும். குற்றவியலில் இது இலக்கண நுணுக்கம் மட்டும் அன்று. பலர் பொதுக் கருத்துடன் செய்த செயலுக்கு ஒவ்வொருவரும் பொறுப்பாவர். ஐவரோ மிகுதியானவரோ கூடினால் சட்டவிரோதக் கூட்டம் என்ற வகை தோன்றும். ஒருவரா, பலரா என்பதே தண்டனையின் அளவை மாற்றும்.

3.3 அறிந்த வழியும் செயலின் நோக்கமும்

‘வெட்டினாங்களாம்’ என்பதன் இறுதியில் நிற்கும் ‘ஆம்’, பேசுபவர் அதை நேரில் காணவில்லை என்பதை உணர்த்தும். மலையாளத்தில் ‘அத்ரே’ இப்பணியைச் செய்யக்கூடும். ஆங்கிலத்திலோ தனித்தொடர் வேண்டும். வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருத்தல் வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் அடிப்படை விதி (1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 60, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 55). அந்த ஓர் இடைச்சொல் விடுபட்டால், கேள்விப்பட்டவர் கண்ணால் கண்டவராகிவிடுகின்றார்.

அதுபோன்றே ‘கம்பு பட்டுருச்சு’ என்பதற்கும் ‘கம்பால அடிச்சேன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, செயலில் எண்ணம் இருந்ததா என்பதாகும். முன்னது வினைமுதலைச் சுட்டாத தொடர். ‘கம்பால் அடித்தார்’ எனச் சுருக்கிப் பதிவு செய்தால், விபத்து வேண்டுமென்றே செய்த காயமாகின்றது.

முதுவர் போன்ற பழங்குடியினர் நிலையில் இடர் இரட்டிப்பாகும். அவர்களுடைய பேச்சு தமிழோடு நெருங்கியதாயினும் தனித்தன்மை உடையது. ‘தமிழ் தெரிந்தவர்’ எனத் தமிழ் உரைபெயர்ப்பாளரை அமர்த்துவதும் அவர்களுக்கு முழுத் தீர்வாகாது. நெருங்கிய மொழியே போதும் என எண்ணியதன் விளைவை இங்கிலாந்தின் இக்பால் பேகம் வழக்கு காட்டுகின்றது. கிராமப்புறப் பஞ்சாபி பேசிய அப்பெண்மணி 1981-இல் கணவரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். உரைபெயர்ப்பாளரின் பேச்சு அவருடைய பேச்சு அன்று என்பதும், நடப்பதை அவர் உரியவாறு விளங்கிக்கொள்ளவில்லை என்பதும் பின்னரே வெளிப்பட்டன. 1985-இல் தண்டனை நீக்கப்பட்டது. அதுவரை அவருடைய மௌனத்துக்கு வேறு காரணங்கள் கற்பிக்கப்பட்டன.

4. ‘பாதிப்பைக் காட்டுக’ என்னும் அளவையின் குறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில் முதல் நெறியை மதிப்பிடலாம். அந்நெறி மூன்று எடுகோள்களைக் கொண்டது.

முதலாவது, பிழையை உணர்ந்தவர் அப்போதே ஆட்சேபம் எழுப்புவார் என்பது. இது தன்னுள் முரண்பட்டது. மொழி புரியாதவருக்குப் பெயர்ப்பு பிழையானது என்பதும் புரியாது. ‘காடு’ என்ற சொல்லைக் கேட்ட வட்டவடை உழவர், தாம் சொன்ன சொல்லையே திரும்பக் கேட்கின்றார். ஆட்சேபிக்க அவருக்கு ஒன்றும் தோன்றாது.

இரண்டாவது, வழக்கறிஞருக்குப் புரிந்தால் போதும் என்பது. வழக்கறிஞர் அறிந்தது சட்டம். நிகழ்ச்சியை அறிந்தவர் குற்றஞ்சாட்டப்பட்டவரே. ‘அங்கே வாய்க்கால் இல்லை’, ‘அன்று சந்தை நாள் அன்று’ எனச் சாட்சியின் கூற்றை மறுக்கும் குறிப்பை அவர்தாம் தர முடியும். சாட்சியம் அவரை எட்டாவிடின் குறுக்கு விசாரணை பாதி முடங்கும்.

மூன்றாவது, பாதிப்பு இருந்தால் அது ஆவணத்தில் தெரியும் என்பது. இதுவே அடிப்படைக் குறை. ஆவணம் பெயர்ப்பின் விளைவு. விகுதி உதிர்ந்ததும் இடைச்சொல் மறைந்ததும் அதில் தடயம் விடா. பெயர்ப்பு எவ்வளவு சரளமோ, அவ்வளவுக்குப் பிழை மறைந்திருக்கும். தட்டுத் தடுமாறிய பெயர்ப்பு ஐயத்தை எழுப்பி மேல்முறையீட்டாளருக்கு உதவக்கூடும். மென்மையாக ஓடும் பிழையான பெயர்ப்பு அவரைக் கைவிடும். நயீம் அகமது தீர்ப்பு மூல வாக்குமூலமே கொள்ளத்தக்கது என்றது சரி. ஆனால் மூலம் எழுதப்படாத வழக்கில் எதைக் கொள்வது என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

5. எதிர்வாதங்கள்

பாதிப்பு அளவையைக் கைவிட்டால் தண்டிக்கப்பட்ட ஒவ்வொருவரும் மொழியைக் காரணம் காட்டுவர், வழக்குகள் முடிவுறா என்ற அச்சம் பொருளற்றது அன்று. குற்றத்தால் துன்புற்றவர் மீண்டும் கூண்டேறுவது கொடுமை. மேலும் வட்டவடையில் மலையாளத்தை நன்கு கற்ற தலைமுறையும் உண்டு. அனைவரையும் மொழியறியாதார் எனக் கொள்வது அவர்களை இழிவுபடுத்துவதாகும்.

இவ்விரண்டுக்கும் விடை ஒன்றே: மூலத்தைக் காத்தல். மூலம் இருக்குமாயின் பொய்யான முறையீடு சிறிது நேரத்தில் வீழும். உண்மையான முறையீடு நிலைபெறும். மறு விசாரணையின் தேவையும் குறையும். மூலத்தைக் காக்காத நீதிமன்றம் ‘பாதிப்பைக் காட்டுக’ என்று கேட்பதுதான் முறையற்றது.

6. செய்யத்தக்கவை

முதலாவதாக, சாட்சியின் குரலைப் பதிவு செய்தல். 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், நடுவர் நீதிமன்றப் பிடியாணை வழக்குகளில் சாட்சியத்தை ஒலி, ஒளிக் கருவியால் பதிவு செய்ய இடமுண்டு. அது ‘செய்யலாம்’ என்ற அளவிலேயே உள்ளது. உரைபெயர்ப்பு நிகழும் வழக்குகளிலேனும் ‘செய்ய வேண்டும்’ என்றாதல் நலம்.

கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் மாவட்ட நீதித்துறைக்கென வெளியிட்ட செயற்கை நுண்ணறிவுக் கொள்கை, இயந்திர மொழிபெயர்ப்பைத் தகுதியுடைய மொழிபெயர்ப்பாளரோ நீதிபதியோ சரிபார்க்க வேண்டும் என்கின்றது. அதே ஆண்டு நவம்பர் 1 முதல் சாட்சியங்களைப் பேச்சிலிருந்து எழுத்தாக்கும் மென்பொருளால் பதிவு செய்யவும் அது பணித்தது. இம்முயற்சிகள் வரவேற்கத்தக்கவை. ஆயினும் இயந்திரம் தரும் எழுத்தும் ஒரு பெயர்ப்பே. அது குரலுக்கு மாற்றாகாது. எல்லைப்புறத் தமிழின் ‘ஆம்’ விகுதியை அது கேட்டதா என்பதைக் குரலைக் கொண்டே அறிய முடியும்.

இரண்டாவதாக, இயலுமாயின் சாட்சியின் மொழியிலேயே எழுதிக்கொள்ளலாம் என்ற விதியைத் தேவிகுளம் போன்ற இடங்களில் வழக்கமாக்குதல். தமிழ் எழுதத் தெரிந்தோர் அரிதாயுள்ள ஊரன்று அது. அங்கு ‘இயலாது’ எனக் கூறுதற்குக் காரணம் காட்டப்பட வேண்டும்.

மூன்றாவதாக, ‘மலையாளம் தெரியுமா?’ என்ற ஒற்றை வினாவை விடுத்து, குற்றச்சாட்டைத் தம் சொற்களில் திருப்பிக் கூறுமாறு கேட்டு மொழியறிவை அளத்தல். நான்காவதாக, ஐயத்துக்குரிய சொல்லை உரைபெயர்ப்பாளர் மூல வடிவிலேயே ஆவணத்தில் சேர்க்க இடமளித்தல். ‘காடு (மானாவாரி நிலமாகவும் பொருள்படும்)’ என்ற ஒரு குறிப்பு ஒருவரைத் தண்டனையிலிருந்து காக்கக்கூடும்.

ஐந்தாவது மொழி நிறுவனங்களின் பணி. தீர்ப்புகளை மக்கள் மொழிகளில் தர, 2019 முதல் உச்ச நீதிமன்றத்தின் ‘சுவாஸ்’ மென்பொருள் பயன்பட்டு வருகின்றது. நீதிமன்றத்தின் சொல் மக்களிடம் வருவதற்கு ஏற்பாடு உண்டு; மக்களின் சொல் சிதையாமல் நீதிமன்றத்தை அடைவதற்கு அத்தகைய முயற்சி இல்லை. தமிழ்–மலையாள ஒலியொப்புச் சொற்களின் அகராதி, எல்லைப்புற வட்டார வழக்குகளின் பதிவு, உரைபெயர்ப்பாளர்க்கான தேர்வும் பயிற்சியும் ஆகியவை மொழியியலார் செய்யத்தக்க பணிகள்.

முடிவுரை

உரைபெயர்ப்பின் துல்லியத்தைச் சட்டம் ஒருவரின் உறுதிமொழியில் வைத்துள்ளது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைப் பாதிப்பில் தேடுகின்றது. மொழியியல் நோக்கில் துல்லியம் என்பது மூலத்துக்கும் பெயர்ப்புக்கும் இடையிலான உறவு. இரண்டில் ஒன்று அழிந்தபின் அவ்வுறவைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் ஊகமே. மொழி முற்றிலும் அயலாக இருக்கும் இடத்தில் உரைபெயர்ப்பாளர் அழைக்கப்படவேனும் செய்வார். மொழிகள் அண்மையில் இருக்கும் இடத்தில் அவர் தேவையென்றே எவரும் நினைப்பதில்லை. எனவே வட்டவடை போன்ற ஊர்களில் சாட்சி கூறிய சொல்லை அவர் கூறியபடியே காத்து வைத்தல் நேர்மையான விசாரணையின் உறுப்பாகும்.